ஃபஹ்மிதா நர்ஸ் ஆன பக்கம்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதி விற்றுவிட்டேன். விலை முந்நூறு ரூபாய். ஒரே பக்கம், இரண்டு பிரதி, ஓரத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம். அதைப் படிப்பதற்கென்று இருந்தவர்கள் நாலு பேர்: ஓர் ஆடிட்டர், இரண்டு அறக்கட்டளைச் செயலாளர்கள், வருமான வரி அலுவலகத்தில் ஓர் அதிகாரி. ஐந்தாவதாக ஓர் ஆள் படித்துவிட்டது. அதனால்தான் இரண்டாம் முறை எழுத வேண்டி வந்திருக்கிறது. இதற்கு யாரும் காசு தரப்போவதில்லை. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பிரதி அனுப்புவதாகச் சொல்வார்கள், ஒன்று வந்து சேரும்.

என் பெயர் ஹெப்ரான். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. முப்பது வருஷமாகக் கதையும் எழுதுகிறேன். அதற்கு போர்டு மாட்டவில்லை.

[தொடக்கம் ஒன்று: "தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் கண்ணீர் மல்க நின்றிருந்த ஃபஹ்மிதா" — வேண்டாம். அவள் ஆற்றங்கரையில் நின்று நான் பார்த்ததில்லை. மேலப்பாளையம் பஸ்ஸில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.]

[தொடக்கம் இரண்டு: "1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம்" — இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானே புரட்டிவிடுவேன்.]

ஆனாலும் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் தாண்டுங்கள்.

2

ஒருவர் ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுக்கிறார். அந்த அறக்கட்டளையிடம் 80ஜி என்ற அங்கீகாரம் இருந்தால், கொடுத்ததில் பெரும்பாலும் பாதியைத் தன் வருமானத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களில் பலர் எப்போதோ மாறிவிட்டார்கள். ஆனாலும் ரசீதில் 80ஜி என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்க்காமல் பையில் கை விட மாட்டார்கள். தானம் வாங்கிய மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே கொடுக்கிறவர் பல்லைப் பார்க்கிறார்.

அரிசி மூட்டையாகக் கொடுத்தால் கழிவு இல்லை. சேலையாகக் கொடுத்தால் இல்லை. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் போனால் இல்லை. பள்ளிக்கூடச் சுவருக்கு நீங்களே ஏணி போட்டு வெள்ளையடித்தால் நிச்சயம் இல்லை. பெயர் சொல்லாமல் கொடுக்கிற பணம் ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு முப்பது சதவீதம் வரி கட்ட வேண்டும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டத்துக்கு இரண்டு கைகளின் அடையாள எண்ணும் வேண்டும்.

வருஷத்தில் வந்த பணத்தில் எண்பத்தைந்து சதவீதத்தை அந்த வருஷமே செலவழிக்க வேண்டும், அல்லது ஏன் செலவழிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பதைவிடத் தையல் மிஷின் கொடுப்பது சுலபம். அதனால் மார்ச் மாதம் பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் இரு கரையிலும் தையல் மிஷினாக இறங்கும். எங்கள் தெருவில் கோமு என்று ஒருத்தி. அவளிடம் மூன்று மிஷின் இருக்கிறது. அவளுக்குத் தைக்கத் தெரியாது.

இனிமேல்தான் நம் கதைக்கு வேண்டிய விதி. ஒரு மதத்தாருக்கு மட்டும், ஒரு சாதியாருக்கு மட்டும் என்று இருக்கிற அறக்கட்டளைக்கு 80ஜி கிடையாது. நல்ல விதிதான். எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

3

மேலப்பாளையத்தில் ஓர் அறக்கட்டளை, வண்ணார்பேட்டையில் ஓர் அறக்கட்டளை. பெயர்களை எழுதி அடித்துவிட்டேன். இரண்டும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறவை. மேலப்பாளையத்தினுடையது முஸ்லிம் பிள்ளைகளுக்கு. செயலாளர் அலி அஸ்கர், ஜவுளி வியாபாரம், தம்பிமார் துபாயில். வண்ணார்பேட்டையினுடையது ஒரு சாதிக்காரர்களின் பிள்ளைகளுக்கு. செயலாளர் இசக்கியப்பன் அண்ணாச்சி, சிமெண்டு, கம்பி வியாபாரம். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்தச் சாதிக்காரர்கள் கடைக்குக் கல்லெடுத்துக்கொண்டு வருவார்கள், மற்றவர்கள் "அதானே பார்த்தேன்" என்று சந்தோஷப்படுவார்கள். உங்கள் சாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் ஒரே ஆடிட்டர், பெருமாள்ராஜ். என் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். பத்திரத்தில் "சாதி மத பேதமின்றி" என்ற வரியை அவர் எப்போதோ சேர்த்துவிட்டார். ஆனால் 80ஜியை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், இந்தத் தடவை பயனாளிகளின் பட்டியலைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. மேலப்பாளையத்துப் பட்டியலில் நாற்பது பெயர், நாற்பதும் முஸ்லிம். வண்ணார்பேட்டைப் பட்டியலில் முப்பத்து நாலு பெயர், முப்பத்து நாலும் ஒரே சாதி. பேதமின்றி என்ற சொல்லுக்கு இதைவிடக் கேவலம் வேறு வேண்டியதில்லை.

போன மார்ச்சில் இரண்டு செயலாளர்களையும் மாடிக்கு வரச்சொன்னார். டைப் அடிக்க என்னையும் கூப்பிட்டார். ஏழைகளைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாமே என்று அலி அஸ்கர் சொல்லிப் பார்த்தார். புதிதாகச் சேர்த்தால் செலவு கூடும் என்றார் இசக்கியப்பன். நம் பணத்தை வெளியாட்களுக்குக் கொடுத்தால் கமிட்டியில் கேள்வி வரும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரு சமுதாயத்துக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

பெருமாள்ராஜ் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆளுக்குப் பத்துப் பேரை மாத்திக்கிடுங்க. அவுக பிள்ளைய பத்துப் பேரை நீங்க படிக்க வைங்க, உங்க பிள்ளைய பத்துப் பேரை அவுக படிக்க வைப்பாவ. செலவும் அதேதான், பணமும் வெளிய போகாது. பெண் குடுத்துப் பெண் எடுக்குத மாதிரி."

அரைமணி நேரம் பேரம் நடந்தது. நாங்கள் இன்ஜினியரிங் கொடுத்து நீங்கள் ஐ.டி.ஐ. கொடுக்கக் கூடாது என்று ஒருவர். கட்டணம் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று இன்னொருவர். கடைசியில் கை கொடுத்துக்கொண்டார்கள். நான் பட்டியலை அடித்தேன். இருபது பெயர்களையும் பார்த்துத்தான் அடித்தேன், ஆனால் ஒன்றையும் கவனிக்கவில்லை. டைப் அடிக்கிறவனின் கண்ணும் விரலும் மட்டும் வேலை பார்க்கும் நேரம் அது.

மாற்றிக் கொடுக்கப்பட்டவர்களில் மேலப்பாளையத்து ஃபஹ்மிதாவும் ஒருத்தி. வாப்பா இறந்து நாலு வருஷம். உம்மா முஃபீதா பீடி சுற்றுகிறாள். மகள் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ, அப்போது இரண்டாம் வருஷம். ஒரு விழாவில் வண்ணார்பேட்டைக்காரர்கள் அவளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். கதவு அகலத்துக்கு ஓர் அட்டையில் காசோலை மாதிரி எழுதி, ஏழு பேர் அதைப் பிடித்துக்கொள்ள, எட்டாவதாக அவளும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் நன்றாக வந்திருந்தது. மூன்றாம் வருஷக் கட்டணத்தையும் அவர்களே கட்டுவதாகப் பேச்சு.

4

ஆகஸ்டில் பெருமாள்ராஜ் என்னிடம் இருபது கதைகள் கேட்டார். கதை என்றே சொன்னார். கதைக்கு முந்நூறு. பயனாளி ஒருவருக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம்: "முன்பு", "உதவி", "இன்று".

இருபது பேரில் மூன்று பேரைத்தான் நேரில் பார்த்தேன். மற்றவர்களை ஆதார் படத்தை வைத்துக் கற்பனை செய்துகொண்டேன். [ஆதார் படத்தைப் பார்த்தால் யாரும் உதவி வாங்கத் தகுதியானவர் மாதிரிதான் தெரிவார்.] ஃபஹ்மிதாவைப் பார்த்தேன். கடைக்கு வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பஸ் வந்ததும் போய்விட்டாள். பாத்திரமாக எனக்கு அவள் பிடிபடவே இல்லை. ஏழைப் பெண் என்றால் கொஞ்சம் குனிந்து பேச வேண்டாமா? இவள் என் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலில் கலர் பிரிண்ட் விலை பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் கூடுதல் என்றாள். அதைக் கதையில் போட முடியாது. எனவே "அடக்கமான, அமைதியான மாணவி" என்று எழுதினேன்.

"இன்று" கட்டத்தில் முதலில் உள்ளதைத்தான் எழுதினேன்: "இன்று ஃபஹ்மிதா மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருக்கிறார்." பெருமாள்ராஜ் தாளைத் திருப்பி அனுப்பினார். மாடிக்குப் போனேன்.

"என்னவே இது, படிக்கா படிக்கான்னு எழுதியிருக்கீரு? பணம் குடுத்தாச்சு, பலன் எங்க? அதிகாரி படிச்சா ஒரு நிறைவு வரணும்லா. முடியாத கதையைக் கொண்டு நான் என்ன செய்ய?"

இலக்கியத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு அக்கறையாகக் குறை சொன்னதில்லை. கீழே வந்தேன். டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்: "இன்று ஃபஹ்மிதா ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றித் தன் தாயைத் தாங்கி வருகிறார். அவர் முகத்தில் புன்னகை மலர்ந்திருக்கிறது."

ஒரு பெண்ணின் ஒரு வருஷப் படிப்பை, வார்டுப் பயிற்சியை, பரீட்சையை, வேலை தேடும் அலைச்சலை எல்லாம் ஒரு டீ நேரத்தில் முடித்து வைத்தேன். புன்னகைக்குத் தனியாகக் காசு கேட்டிருக்கலாம். மற்ற பத்தொன்பது பேரையும் அதே மாதிரி கரையேற்றினேன். நித்யா என்ற பெண் ஆசிரியையானாள். அவள் அந்த மாதமே பி.எட். முடித்துத் தற்செயலாக ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தும்விட்டாள். ஒரே ஒரு கதை உண்மையாகிவிட்டதில் எனக்குக் கர்வம்கூட வந்தது. வெட்கம் கெட்டவனுக்கு எதிலும் கர்வம் வரும்.

5

முப்பது வருஷமாக நான் எழுதிய கதைகளால் எந்த ஊரிலும் ஒரு துரும்பு அசைந்ததில்லை. ஃபஹ்மிதாவைப் பற்றிய அந்த வாக்கியம் மட்டும் வேலை செய்தது.

அக்டோபரில் அவள் மூன்றாம் வருஷக் கட்டணத்துக்காக வண்ணார்பேட்டை அறக்கட்டளைக்குப் போனாள். ஐம்பத்தைந்தாயிரம். கணக்குப்பிள்ளை கோப்பை எடுத்துப் பார்த்தார். நீதான் வேலைக்குப் போய்விட்டாயே என்றார். இல்லை என்றாள். அதிகாரியிடம் கொடுத்த கோப்பில் அப்படித்தான் இருக்கிறது, கோப்பில் ஒன்று இருக்க நாங்கள் பணம் கொடுத்தால் எங்கள் கணக்கு பொய்யாகிவிடும் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் படித்ததை நம்பினார். என் வாசகர்களில் அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேலப்பாளையத்துக்குப் போனாள். உன் பெயரை அவர்கள் பட்டியலுக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒரே ஆதார் எண் இரண்டு பட்டியலில் வந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல் என்றார்கள். மறுபடியும் வண்ணார்பேட்டை. மறுபடியும் மேலப்பாளையம். இடையில் ஆறும் பாலமும். நவம்பர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் வார்டுப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டோம், பயிற்சி நாள் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை அசந்த நேரத்தில் அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். அடியில் சிறிய எழுத்தில் என் கடைப் பெயர் இருந்தது. விளம்பரம் வேண்டுமென்று நான்தான் போட்டிருந்தேன்.

6

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தாள். கடையில் கூட்டம். காத்திருந்து, கூட்டம் போனதும் போனை மேஜைமேல் வைத்தாள்.

"இதை எழுதுனது நீங்கதானா சார்?"

ஆமாம் என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

எனக்குப் புரியவில்லை.

"நான் வேலை பாக்குத ஆஸ்பத்திரி. பேரைச் சொன்னீயன்னா போயி ரெண்டு மாசச் சம்பளத்தை முன்பணமாக் கேட்டு ஃபீஸ் கட்டிருவேன்."

[இங்கே அவள் விம்மி அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லை. அடித்துவிட்டேன். அழ வேண்டியவன் நான், எனக்கும் வரவில்லை.]

மேலே சொன்ன எல்லாவற்றையும் அப்போதுதான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நடந்தது தவறு, எழுதச் சொன்னார்கள் எழுதினேன் என்று நான் ஏதோ முனகினேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அந்தக் கோப்புல இருந்த லிஸ்ட்டைப் பாத்தியளா சார்? மாத்துன இருவது பேரும் பொம்பளைப் பிள்ளைய. ஒரு பையன் கிடையாது. இங்கேயும் கிடையாது, அங்கனயும் கிடையாது."

கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருபது பெயர். இருபதும் பெண்கள். இருபது கதையையும் தனித்தனியாக எழுதியதில், சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கே: அன்றே சட்டத்தை எடுத்துப் படித்தேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று அமைத்த அறக்கட்டளையை, ஒரு மதத்துக்கோ சாதிக்கோ உரியது என்று கருதக் கூடாதென்று 80ஜி பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. "பெண்களுக்கு" என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மாற்றவே வேண்டியிருந்திருக்காது. ஆளை இடம் மாற்றவும் வேண்டாம், நான் இருபது பொய் எழுதவும் வேண்டாம்.

7

செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போய் பெருமாள்ராஜிடம் இந்த விளக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

"தெரியும்வே. பொம்பளைப் பிள்ளையளுக்கு மட்டுந்தான் டிரஸ்ட்டுன்னு போட்டா, பையங்களைப் படிக்க வைக்க எவன் பணம் தருவான்? ரெண்டு கமிட்டியும் ஒத்துக்கிடாது. யாரை மாத்தன்னு கேட்டதுக்கே, பொண்ணுக எப்படியும் வேற வீட்டுக்குப் போறவதானேன்னாவ."

ஃபஹ்மிதா பற்றிச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பெருமாள்ராஜ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கதையை எழுதுவது எவ்வளவோ சுலபம். அந்தப் பக்கத்தைத் திருத்தி ஒரு கடிதம் கொடுத்துவிடலாம் என்றேன். ஒன்றைத் திருத்தினால் மற்ற பத்தொன்பதையும் தோண்டுவார்கள், இரண்டு அறக்கட்டளைக்கும் 80ஜி போகும், அது போனால் நன்கொடை நிற்கும், எழுபத்து நாலு பிள்ளைகளும் நடுத்தெருவில் என்றார். நன்கொடை நிற்குமா என்று கேட்டேன். பாதிப் பேருக்கு அந்த ரசீதால் ஒரு பைசா லாபமில்லையே என்றேன்.

"லாபமில்லைன்னு அவுகளுக்குத் தெரியாதுல்லா," என்றார்.

8

இனி முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று. நான் உண்மையை எழுதி அனுப்புகிறேன். அதிகாரி படித்துக் கண் கலங்கி, ஃபஹ்மிதாவுக்கு ஆவன செய்கிறார். இதை நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். நன்றி, இறக்கிக்கொள்ளலாம்.

முடிவு இரண்டு. செயலாளர்கள் மனம் மாறி, ரசீது இல்லாமல், சொந்தப் பணத்தில் கட்டுகிறார்கள். மனித மனத்தின் ஈரம் முதலிய வார்த்தைகளோடு முடிக்கலாம். எழுதுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று செவ்வாய் மத்தியானமே கிளம்பினேன். இசக்கியப்பன் அண்ணாச்சி கடையில் கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. டிரஸ்ட்டு எதற்காக வைத்திருக்கிறோம் தம்பி, ஆளாளுக்குக் கைக்காசைக் கொடுப்பதற்கா என்றார். அலி அஸ்கர் மோர் கொடுத்து உட்கார வைத்தார். இந்த வருஷம் கொடுக்க வேண்டிய ஜகாத் தர்மத்தை எல்லாம் டிரஸ்ட்டிடமே கொடுத்தாகிவிட்டது, அவள் டிரஸ்ட்டிடம்தான் கேட்க வேண்டும் என்றார். எந்த டிரஸ்ட்டிடம் என்றேன். யோசித்தார். மோர் இன்னொரு டம்ளர் வந்தது.

இருவருமே பொய் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் இவர்களுக்குக் கொடுக்கவோ விரட்டவோ மனசு இருந்தது. இப்போது அந்த வேலையை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். விரட்டுவதையும் அதுவே மரியாதையாகச் செய்கிறது.

முடிவு மூன்று. தவறு செய்த எழுத்தாளன் தானே பணத்தைக் கட்டிப் பாவத்தைக் கழுவுகிறான். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். இருபது கதைக்கு வாங்கியது ஆறாயிரம். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு நாற்பத்தொன்பதாயிரம் குறைகிறது. கைமாற்று கேட்டதில் ஒருவரும் தரவில்லை. பாவம் முழுசாகவும் பணம் அரைகுறையாகவும் இருந்தால் அது முடிவு இல்லை.

9

புதன்கிழமை ஃபஹ்மிதா மறுபடி வந்தாள். ஆறாயிரத்தை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் சொல்லவிடவில்லை.

"இது எங்க இருவது பேரையும் எழுதி வாங்குனதுதானே?"

ஆமாம் என்றேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பிறகு, ஒரு லெட்டர் டைப் அடிக்க வேண்டும் என்றாள். நானே எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

[அடித்து நீக்கியது: "ஐயா, கல்வி என்னும் கலங்கரை விளக்கை நோக்கிப் பயணிக்கும் ஓர் ஏழைப் பெண்ணின்"]

[அடித்து நீக்கியது: "விதி விளையாடிய விளையாட்டில்"]

அவள் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "பைய எழுதுங்க சார், நான் சொல்லுததை மட்டும் எழுதுங்க," என்றாள். சொன்னாள். அடித்தேன். முழுசும் இவ்வளவுதான்:

"என் பெயர் ஃபஹ்மிதா. நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று உங்கள் கோப்பில் இருப்பது பொய். எழுதியவர் ஹெப்ரான். இந்த ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை."

முப்பது வருஷத்தில் என் கீபோர்டிலிருந்து வந்த ஒழுங்கான உரைநடை அது. அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். பொய் என்பதற்குக் கீழே என் கையெழுத்தும் வேண்டுமாம். போட்டேன்.

நாலு பிரதி கேட்டாள். நாலு கவர். ஒன்று வண்ணார்பேட்டைக்கு, ஒன்று மேலப்பாளையத்துக்கு, ஒன்று மாடிக்கு. நாலாவதில் வருமான வரி அலுவலக முகவரியை அவளே எழுதினாள். பெருமாள்ராஜ் சொன்னதைச் சொன்னேன். எழுபத்து நாலு பிள்ளைகள், நடுத்தெரு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிட்டர் மாதிரியே பேசுகிறேன் என்று எனக்கே கேட்டது.

"தெரியும் சார். அந்த எழுவத்தி நாலுல என் சாச்சா மவ, தங்கச்சி முறை, சபீதாவும் உண்டு. மொத வருசம் படிக்கா. அவளுக்கும் வாப்பா கிடையாது."

கவரை ஒட்டினாள். நாக்கால் நனைக்காமல் என் பசை டப்பாவை இழுத்து ஒட்டினாள்.

"நாலாவதைப் போட்டா படிப்பை விட்டு அவளும் போவா, நானும் போவேன். போடலைன்னா நான் மட்டும் போவேன். மூணு கவரை இன்னிக்கே குடுத்துருவேன். அவங்க ஃபீஸைக் கட்டுதாங்களான்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். நாலாவது கவரைப் பத்தி நான் யோசிக்கணும்."

மேலப்பாளையம் பஸ் வருகிற சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க கதை எழுதுவீகன்னு சொன்னாவ. இதையும் எழுதுவீயளா?"

எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பேரையும் போட்டுக்கோங்க. ஆனா நாலாவது கவரைப் போட்டேனா இல்லையா, ஃபீஸு கட்டுனேனா இல்லையான்னு எழுதப்படாது. ஒரு தடவை என்னைக் கேக்காம முடிச்சு வச்சீய. இனிமே அது என் காரியம்."

எழுத மாட்டேன் என்றேன்.

"எழுதுவீய," என்றாள். "உங்களால முடிக்காம இருக்க முடியாது." பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

10

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. இன்று அடுத்த வாரம் வியாழக்கிழமை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவை நன்றாகவே வந்திருந்தது. மூன்றையும் அழித்தேன். எழுதாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடையில் ஆள் வந்து ஆதாரை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னால், எடுத்துக்கொண்டே மனசுக்குள் கடைசிப் பத்தியை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். கட்டணம் கட்டப்பட்டது என்றால் "அப்பாடா" என்று மூடி வைப்பீர்கள். கட்டப்படவில்லை என்றால் "ஐயோ பாவம்" என்று மூடி வைப்பீர்கள். நாலாவது கவர் போயிற்று என்றால் அவள் துணிச்சலைப் பாராட்டிவிட்டு, போகவில்லை என்றால் அவள் பெருந்தன்மையைப் பாராட்டிவிட்டு, டீ குடிக்கப் போவீர்கள். எப்படியானாலும் அவளுக்கு உங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இல்லை, அவள் வயதில் உங்கள் தெருவிலும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு இந்த வருஷம் யார் கட்டுகிறார்கள் என்று போய்க் கேட்கலாம் என்று தோன்றினால் போங்கள். ரசீதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு போங்கள். முடியாது என்றால் அதையாவது அவளிடம் சொல்லுங்கள்.

ஃபஹ்மிதாவுக்கு என்ன ஆயிற்று என்று என் கடைக்கு வந்து கேட்காதீர்கள். எவ்வளவு நல்ல வாசகராக இருந்தாலும் சொல்ல மாட்டேன். நான் வாக்குக் கொடுத்தது அவளுக்கு. உங்களுக்கு இல்லை.